கட்டுக்கரையிலிருந்து கட்டுபெத்தைக்கு: கட்டடக்கலை படிக்க எங்கே போவது?

1971ஆம் ஆண்டு கொழும்பில் கட்டடக்கலை படிக்கச் சிங்கள மொழிமூல மாணவர் ஒருவருக்கு 180 புள்ளிகள் போதும். அதே பரீட்சையைத் தமிழில் எழுதியவருக்கு 194 வேண்டும். நான்கு பாடங்கள், மொத்தம் 400 புள்ளிகள், இடையில் 14 புள்ளி தூரம். தரப்படுத்தல் பற்றிக் கதைக்கிற எல்லாரும் மருத்துவத்தின் 229ஐயும் 250ஐயும் சொல்லுவார்கள். பொறியியலின் 227ஐயும் 250ஐயும் சொல்லுவார்கள். அதே அட்டவணையில் கட்டடக்கலைக்கும் ஒரு வரி இருப்பதைப் பெரிதாக ஆரும் சொல்லுறதில்லை.

அந்த வரியில் இருந்து இந்தக் கட்டுரையைத் தொடங்குவதற்குக் காரணம் இருக்கு. ஒவ்வொரு வருடமும் உயர்தரப் பெறுபேறு வந்த கையோட எங்கட பக்கத்துத் தம்பி, தங்கைமாரில் ஒருவராவது கட்டடக்கலை படிக்கப் போறன் எண்டு வந்து நிற்பார். அதுக்குப் பிறகு கேள்விகள். மொறட்டுவை கிடைக்குமா? கிடைக்காட்டி காசு கட்டிப் படிக்கலாமா? இந்தியாவுக்குப் போனால் அந்தப் பட்டம் இஞ்ச செல்லுமா? எந்த கம்பஸ் நல்லது? நாங்கள் கலைப்பீடத்துப் பிள்ளைகள், எங்களுக்கு ஒரு வீட்டுப் பிளானும் கீறத் தெரியாது. ஆனால் வரலாறு படிக்கிறவர்கள் என்ற முறையில் ஒன்று தெரியும். இந்தக் கேள்விகள் எதுவும் நேற்று முளைத்தவை இல்லை. நூறு வருடமாக, கட்டடக்கலை படிக்க நினைத்த ஒவ்வொருவரும் இவற்றில் ஒன்றையாவது கேட்டிருக்கிறார்கள். பதிலை அவர்கள் சுதந்திரமாகத் தெரிவுசெய்ததும் குறைவு. அவர்களுக்காக வேறு யாரோ தெரிவுசெய்ததே அதிகம்.

பள்ளிக்கூடமே இல்லாத காலம்

சுதந்திரம் கிடைத்தபோது இலங்கையில் கட்டடக்கலைப் பட்டம் தரும் இடம் ஒன்றுகூட இருக்கவில்லை. அரசாங்கக் கட்டடங்களைப் பொது வேலைத் திணைக்களம் கட்டியது. கட்டடக் கலைஞர் என்று முழு உரிமையோடு பெயர்போட வேண்டுமென்றால் லண்டனில் உள்ள பிரித்தானியக் கட்டடக் கலைஞர்களின் அரச நிறுவகம் அங்கீகரிக்க வேண்டும். அதாவது படிக்க நினைத்தவர் கடல் தாண்ட வேண்டும், கடல் தாண்ட வீட்டில் காசு வேண்டும்.

1918இல் கண்டியில் பிறந்த மினெற் டி சில்வாவின் கதை இதற்கு நல்ல உதாரணம். அவர் பம்பாய்க்குப் போனார். சேர் ஜே.ஜே. கலைப்பள்ளியில் கட்டடக்கலை படித்துக்கொண்டிருந்தபோது 1942 வந்தது. 'வெள்ளையனே வெளியேறு' இயக்கம், காந்தியின் கைது, மாணவர் போராட்டம். போராட்டத்தில் நின்றதற்கு மன்னிப்புக் கேட்க மறுத்த மினெற்றைப் பள்ளி வெளியேற்றியது. பிறகு பெங்களூரில் ஒட்டோ கோனிக்ஸ்பேர்கர் என்ற ஜெர்மன் கட்டடக் கலைஞரிடம் வேலை பழகினார். உலகப் போர் முடிந்தபின் லண்டன் ஆர்க்கிடெக்சரல் அசோசியேஷன் பள்ளியில் இடம் கிடைத்தது. 1948இல் அந்த அரச நிறுவகத்தின் இணை உறுப்பினரானார். அந்த நிலையை எட்டிய முதல் ஆசியப் பெண் அவர்தான்.

இந்தக் கதையில் நாங்கள் கவனிக்கிற விடயம் வேறு. இரண்டு நாட்டில், இரண்டு பள்ளியில், இடையில் ஒரு வெளியேற்றத்தோடு படித்து முடித்த மினெற் திரும்பிக் கண்டிக்கு வந்தார். அங்கே கருணாரத்ன குடும்பத்துக்குக் கட்டிய முதல் வீட்டில் கொங்கிறீற்றையும் கண்டிக் கைவினைஞரின் வேலையையும் ஒன்றாக வைத்தார். பாய் நெய்கிறவரும் அரக்கு வேலை செய்கிறவரும் அவருடைய கட்டடத்தில் பங்காளிகள். இதை பம்பாயும் லண்டனும் பாடமாக நடத்தியிருக்கும் என்று நாங்கள் நம்பவில்லை. அது அவர் பிறந்த ஊரில் இருந்து எடுத்தது.

ஜெஃப்ரி பாவாவின் வழி இன்னும் சுற்று. கேம்பிரிட்ஜில் ஆங்கில இலக்கியம், பிறகு சட்டம். லுணுகங்க தோட்டத்தை வாங்கித் திருத்தத் தொடங்கிய பிறகுதான் கட்டடத்தின் மேல் ஆசை பிடித்தது. 1957இல் லண்டனில் அதே பள்ளியில் படித்து முடித்துத் தகுதி பெற்றபோது அவருக்கு வயது 38. இருபது வயதில் ஏலெவல் ஒருதரம் பிழைச்சுப் போச்சு, எல்லாம் முடிஞ்சுது எண்டு இருக்கிறவர்கள் இந்த 38ஐ ஒருக்கா நினைக்கலாம். ஆனால் அந்தச் சுற்றுவழிக்குப் பின்னால் ஒரு பணக்காரக் குடும்பம் நின்றது என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

தமிழ்ப் பக்கம் என்ன நடந்தது? யாழ்ப்பாணப் பொது நூலகத்தை எடுங்கள். 1950களில் அதைக் கட்ட முடிவெடுத்தபோது வரைபடம் சென்னையில் இருந்து வந்தது. வரைந்தவர் கட்டடக் கலைஞர் நரசிம்மன். நூலக ஒழுங்குக்கு ஆலோசனை சொன்னவர் எஸ்.ஆர். ரங்கநாதன். 1959இல் திறந்த அந்த வெள்ளைக் கட்டடம் 1981இல் எரிந்த கதை எல்லோருக்கும் தெரியும். அதை யார் வரைந்தார், ஏன் கடலுக்கு அப்பால் இருந்து ஒருவரைத் தேட வேண்டி வந்தது என்ற கதையைக் கேட்பவர் குறைவு.

அந்தக் கடல் எங்கட கடல். 1914 முதல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பல் ஓடியது. கொழும்பில் ரயில் ஏறி, தலைமன்னாரில் கப்பல் மாறி, மறுகரையில் மறுபடி ரயில் ஏறினால் சென்னை. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அடித்துக்கொண்டு போகும்வரை அதுதான் பாதை. பிறகு இராமேஸ்வரத்துக்கு ஓடிய கப்பலும் 1980களில் போரோடு நின்றது. இந்தியாவுக்குப் படிக்கப் போன எத்தனையோ பேர் மன்னாரைத் தாண்டித்தான் போனார்கள். ரயில் யன்னலால் அவர்கள் மன்னாரைப் பார்த்திருப்பார்கள். மன்னார்ப் பிள்ளைகள் ரயிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பள்ளிக்கூடம் வந்தது, கணக்கும் வந்தது

1957இல் இலங்கைக் கட்டடக் கலைஞர்கள் தங்களுக்கென ஒரு நிறுவகம் தொடங்கினார்கள். 1960களில் கட்டடக்கலைப் படிப்பு நாட்டுக்குள்ளேயே வந்தது. கப்பல் காசு இல்லாதவரும் கட்டடக் கலைஞர் ஆகலாம் என்ற நிலை முதல்முறையாக உருவானது. தாய்மொழியில் பரீட்சை எழுதி, இலவசமாகப் பல்கலைக்கழகம் போகலாம். நல்ல செய்திதானே? அந்தக் கதவு திறந்து கொஞ்சக் காலத்திலேயே 180உம் 194உம் வந்தன.

பிறகு நடந்தவை வேகமாக நடந்தவை. 1973இல் மொழிமூல அடிப்படையில் புள்ளிகளைச் சமப்படுத்தும் முறை. 1974இல் மாவட்டங்களின் சனத்தொகைக்கு ஏற்ப இடங்களைப் பங்கிடும் முறை. 1976இல் 70 வீதம் புள்ளிக்கு, மிச்சம் மாவட்டங்களுக்கும் பின்தங்கிய மாவட்டங்களுக்கும். இன்றைக்கு இருக்கிற பொதுச் சூத்திரம் 40, 55, 5: நாற்பது வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, ஐம்பத்தைந்து வீதம் மாவட்டச் சனத்தொகைக்கு, ஐந்து வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. கலைப் பாடநெறி போன்ற சிலவற்றுக்கு விதி வேறு. இடையில் பல்கலைக்கழகங்களின் பெயர்களும் மாறின. 1972இல் எல்லாம் ஒரே இலங்கைப் பல்கலைக்கழகத்தின் வளாகங்கள் ஆயின. கட்டடக்கலை கொழும்பில் இருந்து கட்டுபெத்த வளாகத்துக்குப் போனது. 1978இல் அந்த வளாகமே மொறட்டுவைப் பல்கலைக்கழகம் ஆனது.

இங்கேதான் மன்னாரின் இடம் சிக்கலானது. தரப்படுத்தல் என்ற சொல்லை எங்கட பொது நினைவு யாழ்ப்பாணத்தின் கண்ணால்தான் பார்த்திருக்கிறது. அது பிழையில்லை. மொழியை வைத்துப் புள்ளியை உயர்த்தியது அப்பட்டமான அநியாயம். ஒரு தலைமுறை இளைஞரின் கோபம் அதில் இருந்து எழுந்தது. ஆனால் 1971இன் மொழிக் கணக்கையும் 1974இன் மாவட்டக் கணக்கையும் ஒரே மூச்சில் சொல்லும்போது ஒரு வேறுபாடு அழிந்து போகிறது. மொழிக் கணக்கு முருங்கனில் தமிழில் எழுதியவரையும் யாழ்ப்பாண நகரில் எழுதியவரையும் ஒரே மாதிரித் தண்டித்தது. மாவட்டக் கணக்கு யாழ்ப்பாணத்துக்கு வாசலைச் சுருக்கியது. மன்னாருக்கும், வவுனியாவுக்கும், மட்டக்களப்புக்கும் அது வரை இல்லாத ஒரு சின்ன வாசலைத் திறந்தது. திறந்தவரின் நோக்கம் எங்கள் மேலான அன்பு என்று நாங்கள் சொல்லவில்லை. திறந்தது என்று மட்டும் சொல்கிறோம்.

வாசல் திறந்தால் உள்ளே போக ஆள் வேண்டும். விஞ்ஞான ஆய்வுகூடம் இல்லாத பாடசாலையில் இருந்து, பௌதிகவியலுக்கு ஆசிரியர் இல்லாத பாடசாலையில் இருந்து யார் போவது? வசதியான இடங்களில் படித்த பிள்ளைகள் பின்தங்கிய மாவட்டங்களில் பதிந்து பரீட்சை எழுதியதாக நீண்ட காலமாகக் கதை இருக்கிறது. இன்றைக்கு, பரீட்சைக்கு முந்திய மூன்று வருடம் எந்த மாவட்டத்தில் படித்தீர்கள் என்று பார்க்கிற விதி இருப்பது அந்தக் கதையின் அடையாளம். ஒதுக்கீடு ஒரு கதிரையை ஒதுக்கும். அந்தக் கதிரை வரைக்கும் பஸ் விடாது.

ஆகவே தம்பி, தங்கச்சி, உங்கட மாவட்டத்து வெட்டுப்புள்ளி கொழும்பு வெட்டுப்புள்ளியை விடக் குறைவாக இருந்தால் ஆரும் வந்து "நீங்கள் கோட்டாவில வந்த ஆக்கள்" எண்டு சொல்லக்கூடும். அதுக்குத் தலை குனியத் தேவையில்லை. அந்த எண்ணுக்குப் பின்னால் உங்களுக்குக் கிடைக்காத ஆசிரியர்கள் இருக்கினம், மூடிக்கிடந்த பள்ளிக்கூடங்கள் இருக்கு, இடம்பெயர்ந்த வருடங்கள் இருக்கு.

இன்றைக்குள்ள வாசல்கள்

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஊடாகக் கட்டடக்கலைக்கு மாணவரை எடுப்பது மொறட்டுவை மட்டும்தான். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குக் கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் பீடம் இருக்கு. வடக்கிலோ கிழக்கிலோ கட்டடக்கலைப் பட்டம் இல்லை. ஆகவே கட்டுக்கரைப் பிள்ளை இலவசமாகப் படிக்க வேண்டும் எண்டால் முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் தெற்கே போகத்தான் வேணும்.

மொறட்டுவைக்கு இசட் புள்ளி மட்டும் போதாது. உளச்சார்புப் பரீட்சை ஒன்றும் இருக்கு. கண்ணால் பார்த்ததைக் கையால் வரைய முடியுமா, இடத்தையும் வடிவத்தையும் மனதில் திருப்பிப் பார்க்க முடியுமா என்று பார்க்கிற பரீட்சை. பலர் கோட்டைவிடுவது இங்கேதான். பெறுபேறு நல்லா இருக்கும். ஆனால் உளச்சார்புப் பரீட்சைக்குத் தனியாக விண்ணப்பிக்க வேணும் எண்டு தெரிந்திருக்காது. இன்னொரு விடயம்: கட்டடக்கலை கணிதப் பிரிவுக்காரருக்கு மட்டும் எண்டு நினைக்கிறது பிழை. எந்தப் பாடங்கள் தகுதி எண்டு ஆணைக்குழுவின் கைநூல் ஒவ்வொரு வருடமும் சொல்லுது. அதை ரியூற்றரி வாசலில் கேட்ட கதையை வைத்து முடிவெடுக்காமல் நீங்களே வாசியுங்கோ. படிப்பு ஐந்து வருடம், ஆங்கில மொழிமூலம்.

காசு கட்டிப் படிக்கிற வழிகளும் இருக்கு. இலங்கைக் கட்டடக் கலைஞர் நிறுவகத்தின் சிற்றி ஸ்கூல் ஒஃப் ஆர்க்கிடெக்சர், கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்தின் சூரியவெவ வளாகம், வெளிநாட்டுப் பட்டங்களோடு இணைந்த தனியார் நிறுவனங்கள். இந்தியாவில் என்றால் ஐந்து வருடப் பட்டம், மேற்பார்வை 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த கட்டடக்கலைப் பேரவை. சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலை மற்றும் திட்டமிடல் பள்ளி 1957இல் தொடங்கியது. இந்திய அரசின் புலமைப்பரிசில்களுக்குக் கொழும்பில் உள்ள உயர்ஸ்தானிகராலயம் விண்ணப்பம் கோரும்.

இதில் எது நல்லது? நாங்கள் தரப்பட்டியல் போடப் போறதில்லை. ஆனால் மேலே சொன்ன வரலாற்றில் இருந்து மூன்று கேள்விகளை எடுத்துத் தருவம்.

முதலாவது, கையெழுத்து. மினெற்றின் காலத்தில் லண்டன் அங்கீகரிக்க வேண்டும். இன்று இலங்கையில் அந்த இடத்தில் இருப்பது 1976ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டத்தால் கூட்டிணைக்கப்பட்ட இலங்கைக் கட்டடக் கலைஞர் நிறுவகமும், பதிவுச் சபையும். பகுதி ஒன்று, பகுதி இரண்டு, பிறகு வேலை அனுபவத்தோடு பகுதி மூன்று. இந்தப் படிகளைத் தாண்டினால்தான் பட்டயக் கட்டடக் கலைஞர். ஆகவே எந்த நிறுவனத்துக்கும் ஒரு சதம் கட்டமுதல் ஒரு கேள்வி: உங்கட பட்டம் இதில் எந்தப் படி வரைக்கும் கொண்டுபோகும்? பதிலை அந்த நிறுவனத்தின் விளம்பரத்தில் தேடாமல் கட்டடக் கலைஞர் நிறுவகத்திடமே எழுத்தில் கேளுங்கோ. 'சர்வதேச அங்கீகாரம்' எண்டு பதாகையில் எழுத ஆரும் காசு கேட்கிறதில்லை.

இரண்டாவது, முழுச் செலவு. கட்டணம் மட்டும் செலவு இல்லை. மாதிரி செய்ய மட்டை, பசை, பலகை. அச்சுக்கு ஒவ்வொரு தவணையும் காசு. மென்பொருள் ஓடக்கூடிய கணினி. இரவிரவாக ஸ்ரூடியோவில் நிற்கிற படிப்பு, ஆகவே பகுதிநேர வேலை செய்வது கஷ்டம். இலவசமாகப் படிக்கிறவருக்கும் இது பொருந்தும். முதல் வருடத்தில் இருக்கிற ஒருவரைப் பிடித்து ஒரு மாதச் செலவை விபரமாகக் கேளுங்கோ.

மூன்றாவது கேள்விதான் எங்களுக்கு முக்கியம். அந்தப் பள்ளி உங்களை எந்த நிலத்தில் நின்று யோசிக்க விடும்? எந்த வெயிலுக்கு, எந்தக் காற்றுக்கு, எப்படிப்பட்ட மக்களுக்கு வரையச் சொல்லும்? இதை விளங்கப்படுத்த நாங்கள் ஊருக்குத் திரும்பி வரவேணும்.

அல்லிராணியும் கட்டுக்கரையும்

அரிப்பில் கடலோரம் சிதைந்து நிற்கிற ஒரு கட்டடத்தை எங்கட சனம் அல்லிராணிக் கோட்டை எண்டு சொல்லும். உண்மையில் அது அல்லிராணி கட்டியது இல்லை. இலங்கையின் முதல் பிரித்தானிய ஆளுநர் ஃபிரெடரிக் நோர்த், முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்யவரும்போது தங்குவதற்காக 1801க்கும் 1804க்கும் இடையில் கட்டிய மாளிகை. வரைந்தவரும் அவரே என்பார்கள். கிரேக்கத் தூண் பாணியில் கட்டியதால் ஆங்கிலேயர் அதை 'டொரிக்' என்றே கூப்பிட்டார்கள். செங்கல்லில் கட்டி, சுண்ணச் சாந்து பூசி, பளிங்கு மாதிரி மினுக்கிய கட்டடம். அது நின்ற மண்மேட்டைக் கடல் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிறது. தூண்களும் சுவர்களும் ஒவ்வொன்றாகக் கீழே விழுகின்றன.

அரிப்பில் இருந்து உள்நாட்டுக்குப் போனால் கட்டுக்கரைக்குளம். ஐந்தாம் நூற்றாண்டில் தாதுசேனன் கட்டிய குளங்களில் ஒன்றாக இதை அடையாளம் காண்பார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் தலைமையில் இந்தக் குளத்தை அண்டி நடந்த அகழாய்வில் ஆதிக் குடியிருப்பின் தடயங்களும் சுடுமண் உருவங்களும் வெளிவந்தன. யார் கட்டினார் என்ற வழக்கை இங்கே தீர்க்க எங்களுக்கு விருப்பமில்லை. எப்படிக் கட்டினார்கள் என்பதைப் பாருங்கள். பக்கத்தில் பெரிய மலை இல்லை, ஆழமான பள்ளத்தாக்கு இல்லை. ஏறக்குறையத் தட்டையான நிலம். அருவியாற்றைத் தேக்கத்தில் மறித்து, வாய்க்காலால் நீரைத் திருப்பி, மிக மெல்லிய சரிவைப் பிடித்துக் குளத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

இந்தச் சரிவைப் பற்றி ஒரு வேடிக்கையான வரலாறு உண்டு. 1859இல் வெளிவந்த இலங்கை பற்றிய தன் நூலில் எமர்சன் ரெனன்ற், பழையவர்கள் மட்டத்தைப் பிழையாகக் கணித்துவிட்டார்கள், இவ்வளவு உழைப்பும் வீண் என்ற கருத்தைப் பதிந்தார். அடுத்த அரை நூற்றாண்டுக்குள் பிரித்தானிய நீர்ப்பாசனப் பொறியியலாளர்களே இந்தக் குளத்தைத் திருத்தி, அதே ஆற்றின் தண்ணீரை அதே குளத்துக்குள் கொண்டுவந்தார்கள். இன்றைக்கும் முருங்கன், உயிலங்குளம், அடம்பன் பக்கத்து வயல்களுக்கு அந்தத் தண்ணிதான். பழையவர்களின் மட்டம் பிழைக்கவில்லை. அதை வாசிக்கப் போனவர்தான் பிழையாக வாசித்தார்.

நோர்த் வேறு ஒரு நாட்டின் அழகைக் கொண்டுவந்து எங்கட கரையில் வைத்தார். அதைப் பார்த்து ரசிக்கலாம், நாங்களும் ரசிக்கிறோம். கட்டுக்கரை கட்டியவர்கள் நிலத்தை முழங்கால் உயரத்தில் குனிந்து பார்த்தவர்கள். கட்டடக்கலை படிக்கப் போகிறவர் இரண்டையும் ஒருநாளில் பார்த்துவிட்டு வரலாம். எந்தப் பல்கலைக்கழகமும் இதைவிட நல்ல அறிமுக வகுப்பை நடத்தாது.

இது பழங்கதை மட்டும் இல்லை. போர் முடிந்தபின் வடக்கு, கிழக்கில் ஏறத்தாழ 46,000 வீடுகளை இந்திய வீட்டுத்திட்டம் கட்டியது. பெரும்பாலும் வீட்டுக்காரர் தாங்களே நின்று கட்டிய கல்வீடுகள். 1990இல் புலிகளால் வெளியேற்றப்பட்டு இரண்டு தசாப்தம் கழித்துத் திரும்பிய மன்னார் முஸ்லிம்களுக்கும், முகாம்களில் இருந்து திரும்பிய தமிழருக்கும் வீடு என்ற சொல்லே புதிதாகக் கட்டவேண்டிய ஒன்றாக இருந்தது. 2015, 2016 அளவில் அரசாங்கம் 65,000 உருக்கு வீடுகளைக் கொண்டுவந்து பொருத்தப் போவதாக அறிவித்தது. ஒரு வீட்டுக்கு ஏறத்தாழ 21 இலட்சம் ரூபாய். கல்வீட்டைவிட விலை இரண்டு மடங்கு, இந்த வெயிலுக்கு இரும்புப் பெட்டி, பின்னால் ஓர் அறை கூட்டிக் கட்டவும் ஏலாது, ஊர் மேசனுக்கு வேலையும் இல்லை என்று எதிர்ப்பு வந்தது. அறிவித்த அளவில் அந்தத் திட்டம் நடக்கவில்லை.

அந்த விவாதத்தில் பொருளியலாளர்கள் பேசினார்கள், பொறியியலாளர்கள் பேசினார்கள், அரசியல்வாதிகள் நிறையப் பேசினார்கள். எங்கட ஊரில் பிறந்து, குசினியை ஏன் வீட்டுக்கு வெளியில் வைக்கிறம், விறாந்தை எதுக்கு, கச்சான் காற்று எந்தப் பக்கத்தால் அடிக்கும் எண்டு தெரிந்த கட்டடக் கலைஞர்கள் எத்தனை பேர் அந்த மேசையில் இருந்திருக்க முடியும்? 1971இன் 14 புள்ளியும், ஆய்வுகூடம் இல்லாத பாடசாலைகளும், நின்றுபோன கப்பலும் ஒன்றுசேர்ந்து காலியாக்கிய கதிரைகள் அவை. ஒருவர் எந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போகிறார் என்பது அவருடைய தனிப்பட்ட விடயம் எண்டு சொல்லி நாங்கள் விலக முடியாமல் இருப்பதன் காரணம் இதுதான்.

திரும்பி வந்த கல்

கடைசியாக இன்னொரு வாசலையும் சொல்ல வேணும். திருக்கேதீச்சரம் போர்த்துக்கேயர் காலத்தில் இடிக்கப்பட்டது. அதன் கற்கள் மன்னார்க் கோட்டைக்குப் போனதாக ஊர் சொல்லும். அண்மைக் காலத்தில் அது இந்திய அரசின் உதவியோடு கருங்கற் கோயிலாக எழுந்து, 2022 ஜூலையில் குடமுழுக்குக் கண்டது. அந்த வேலைக்குக் கைகொடுத்தது 1957இல் தொடங்கிய மாமல்லபுரம் அரசு கட்டட, சிற்பக்கலைக் கல்லூரி. அங்கே மரபுக் கட்டடக்கலையும் சிற்பமும் ஒரு படிப்பாகவே இருக்கு. இது மொறட்டுவையில் படிக்கிற கட்டடக்கலைக்கு மாற்று இல்லை. சொல் ஒன்றுபோல் இருந்தாலும் படிப்பு வேறு. கோயில்களாலும் தேவாலயங்களாலும் பள்ளிவாசல்களாலும் நிறைந்த ஒரு மாவட்டத்தில் இருந்து அந்த வழியையும் ஒருவர் யோசிக்கலாம். இவ்வளவு கோயில் கட்டுகிற எங்களிடம் அதை முறையாகப் படித்தவர் எத்தனை பேர்?

மினெற் டி சில்வா வெளியேற்றப்பட்ட பிறகும் கட்டடக் கலைஞர் ஆனார். பாவா 38 வயதில் ஆனார். தமிழரான அஞ்சலேந்திரன் லண்டனில் படித்துத் திரும்பி, பாவாவோடு வேலை செய்து, பிறகு தன் வீட்டு விறாந்தையிலேயே ஒரு சின்ன அலுவலகத்தை நடத்தி, இலங்கை மதிக்கிற கட்டடக் கலைஞர்களில் ஒருவரானார். இவர்கள் எல்லோருக்கும் பாதை வேறு. ஒன்று மட்டும் பொது. திரும்பி வந்து இந்த வெயிலிலும் மழையிலும் நின்று வேலை செய்தார்கள்.

ஆகவே எங்கட ஆலோசனை இவ்வளவுதான். மொறட்டுவைக்கு முதலில் முயற்சி செய்யுங்கோ. அது உங்கட வரிக்காசில் நடக்கிற இடம், அங்கே உங்களுக்கு உரிமை இருக்கு. உளச்சார்புப் பரீட்சைக்கு இப்பவே தொடங்குங்கோ. ஒரு கொப்பியும் பென்சிலும் எடுத்துக்கொண்டு அம்மம்மாவின்ர வீட்டின் கூரையை அளந்து கீறுங்கோ. துருசைக் கீறுங்கோ, மீன்வாடியைக் கீறுங்கோ, அல்லிராணிக் கோட்டையில் மிச்சம் நிற்கிற சுவரைக் கடல் எடுக்கமுதல் கீறுங்கோ. கிடைக்காட்டி மற்ற வாசல்களை மேலே சொன்ன மூன்று கேள்வியோட தட்டுங்கோ. ஒரு வருடம் பிந்தினால் பரவாயில்லை. அங்கீகாரம் இல்லாத பட்டத்துக்கு ஐந்து வருடம் போனால்தான் பரவாயில்லை எண்டு சொல்ல ஏலாது.

எங்கே படித்தாலும் கடைசி வருடத்தில் ஒரு வடிவமைப்புத் திட்டம் செய்யச் சொல்லுவார்கள். ஓர் இடத்தைத் தெரிவுசெய்து, அங்கே உள்ள மக்களுக்கு ஒரு கட்டடம் வரைய வேணும். கொழும்பில் ஏரிக்கரை, காலியில் கோட்டைச்சுவர் எண்டு எல்லாரும் போடுவினம். படிவத்தில் இடத்தின் பெயர் எழுதச் சொல்லிக் கேட்கிற அண்டைக்கு, கட்டுக்கரை எண்டு எழுதுங்கோ. மட்டம் எடுக்க ஆள் தேவையெண்டால் எங்களைக் கூப்பிடுங்கோ, நாடாப் பிடிக்கிற அளவுக்கு எங்களுக்கும் தெரியும்.